பழைய மின்வருடியும் கட்டற்ற மென்பொருளும்

எழுதப்பட்டனவெல்லாம் நிலைபெறுவதில்லை, காலந்தோறும் படியெடுக்கப்பட்டனவே நிலைபெறுகின்றன. தமிழ் நூல்களின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகரும். பனையோலை எத்துணைப் பக்குவமாகப் பதப்படுத்தப்பட்டாலும் காலம் செல்லச் செல்ல ஒடிந்தும் செல்லரித்தும் போகுந் தன்மையது. ஆதலின், ஏடு வைத்திருந்த குடும்பத்தார் பழைய ஏடு பழுதுறுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தலைத் தமது கடமையெனக் கொண்டனர். அக்கடமை தவறிய இடங்களில் நூலின் பெயர் எஞ்சியது, நூல் மறைந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) பழஞ்சுவடிகளின் அழிநிலை கண்டு வருந்தி, வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றியதும், அவருக்கு முன்னரே ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியதும் இக்கடமையின் வழிவந்த செயல்களேயாம்.

அச்சு வந்தபின் இக்கவலை ஒழிந்தது எனப் பலர் எண்ணினர். ஒரு நூலுக்கு ஆயிரம் படிகள் உளவாயின், அவை அனைத்தும் ஒருங்கே அழிதல் அரிது என்பது அவர்தம் கருத்து. ஆயின், 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தது. வேறிடங்களிற் படியில்லாத பல நூல்களும் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். முற்காலத்திற் காரைதீவு என வழங்கியதும், பொன்னாலைத் தாம்போதியால் வலிகாமத்தோடு இணைக்கப்பெற்றதுமாகிய காரைநகரும் இத்தகைய இழப்பினை அறியாத ஊரன்று. 1991இல் ஊர்மக்கள் வீடுவாசல்களை விட்டு இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். புத்தகப் பெட்டி அத்தகைய பொருளன்று. மீண்டு வந்தவர் கண்டவை கூரையற்ற சுவர்களும், மழையில் ஊறிக் கட்டியாகிப் போன காகிதங்களுமே.

இன்று எஞ்சியிருப்பவை எவை? றங்குப் பெட்டியின் அடியிற் கிடந்து தப்பிய கல்லூரி மலர்கள் சில, கோயிற் கும்பாபிடேக மலர்கள் சில, மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றியோர் ஊருக்கு எழுதிய கடிதங்கள், உறுதிகள், முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெற்ற கல்வெட்டுகள். கல்வெட்டு என யாழ்ப்பாணத்தார் வழங்கும் நினைவு மலரினைப் பலர் எளிதாக மதிப்பர். ஒரு குடும்பத்தின் வமிசாவளியையும், ஓர் ஊரின் தொழில், திருமணத் தொடர்பு, இடப்பெயர்வு ஆகியவற்றையும் பிற்காலத்து வரலாற்றாசிரியனுக்கு எடுத்துரைக்கும் ஆவணங்கள் அவையேயாம். கடற்காற்றின் உப்பீரமும், இராமபாணப் பூச்சியும், கறையானும் இவற்றை நாடோறும் தின்று வருகின்றன. படியெடுக்கும் கடமை மீண்டும் வந்துற்றது என்பது வெளிப்படை.

இக்கடமையை மின்னூல் வடிவில் முதன்முதற் கையேற்றோர் தன்னார்வலரே. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் அவர்களாலே தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு உலகெங்கும் இலவசமாக வழங்கியது. 2005இல் ஈழத்து ஆவணங்களுக்கென நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. நூல்கள், இதழ்கள், பாடசாலை மலர்கள், கல்வெட்டுகள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் அங்கே பக்கம் பக்கமாக மின்வருடப்பட்டு எவரும் படிக்கக் கிடக்கின்றன. அதன் இணையத்தளத்தைத் தாங்கி நிற்பது மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருள் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஆயினும், எத்துணைப் பெரிய நிறுவனமும் ஒவ்வோர் ஊரின் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் தேடி வருதல் இயலாது. ஊரிலே ஒரு கருவியும் அதனை இயக்கவல்ல இருவரும் வேண்டும். புதிய கருவி வாங்கப் பொருள் இல்லாத இடத்தில் பிறர் கழித்த பழைய கருவியே கைகொடுப்பது. அத்தகைய பழைய மின்வருடியைத் திறந்த மூலப் பணிசெயல் முறைமையில் எவ்வாறு இயங்கச் செய்யலாம் என்பதும், அஃது எதனால் இயலுவதாயிற்று என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கருவியின் அமைப்பு

ஸ்கானர் எனப்படும் மின்வருடியின் செயல் எளிதில் விளங்கத்தக்கது. கண்ணாடித் தட்டின்மேற் பக்கம் கவிழ்த்து வைக்கப்படும். தட்டின் கீழே ஒளிவிளக்கைத் தாங்கிய சட்டமொன்று, பற்சக்கரமும் வாரும் இழுக்க, மேலிருந்து கீழாக மெல்ல நகரும். காகிதத்தின் வெண்மையான இடம் ஒளியை மிகுதியாகவும், மையெழுத்து ஒளியைக் குறைவாகவும் திருப்பியனுப்பும். அவ்வேறுபாட்டை ஒளியுணரிகளின் வரிசை ஒன்று மின்னழுத்தமாக மாற்ற, அது பின்னர் எண்களாக மாற்றப்படும். ஒரு வரி முடிந்தபின் அடுத்த வரி என்றிவ்வாறு பக்கம் முழுவதும் எண்களாகிவிடும்.

ஒளியுணரும் முறையால் மின்வருடிகள் இருவகைப்படும. ஒருவகையில் ஒளியானது கண்ணாடிகளிற் பட்டுத் திரும்பி, வில்லையொன்றினூடாகச் சிறிய உணரியிற் குவிக்கப்படும். இவை பருத்தவை, பாரமானவை, தனி மின்வழங்கி வேண்டுபவை. மற்றைய வகையில் பக்கத்தின் அகலம் முழுவதும் நீண்ட உணரிச் சட்டம் காகிதத்தை ஒட்டியே செல்லும். சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் மாறி மாறி மின்னும். இவை மெல்லியவை, பல யூ.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்னைப் பெறுவன. தனித்தாள்களுக்கு இரண்டாம் வகை போதும். கட்டப்பட்ட மலர் ஒன்றைக் கவிழ்த்து வைக்கும்போது நடுமடிப்பின் பகுதி கண்ணாடியினின்று சிறிது எழும்பி நிற்கும். அவ்விடத்தை முதல்வகைக் கருவி தெளிவாகக் காணும். இரண்டாம்வகைக் கருவி மங்கலாகவே காணும். ஆகவே, பழைய மலர்களைப் படியெடுப்போருக்குப் பருத்த பழைய கருவியே பெரும்பாலும் ஏற்றது. விற்பனையாளர் ஒதுக்கிய பொருளே இத்தொழிலுக்கு உகந்ததாயிருத்தல் நோக்கத்தக்கது.

இயக்கி என்னும் துபாசி

இத்தகைய கருவி நல்ல நிலையில் இருந்தும் குப்பைக்குச் செல்வது எதனால்? அதன் விளக்கு எரிகிறது, வார் அறவில்லை, உணரி பழுதுறவில்லை. ஆயினும் புதிய கணினியோடு இணைத்தால் அஃது ஊமைபோல் இருக்கின்றது. காரணம் மொழியே. விளக்கை ஏற்று, சட்டத்தை இத்துணை நகர்த்து, இவ்வரியை அனுப்பு என்னும் கட்டளைகளை ஒவ்வொரு கருவியும் தன் உள்ளே அமைந்த சில்லுக்கு உரிய மொழியிலேயே ஏற்கும். கணினியின் பணிசெயல் முறைமையோ அம்மொழியை அறியாது. இருவருக்கும் இடையே நின்று பேசும் துபாசியாக இயக்கி என்னும் மென்பொருள் அமைகின்றது.

இத்துபாசியைக் கருவி செய்த நிறுவனமே எழுதிக் குறுந்தட்டில் வைத்து வழங்குவது வழக்கம். அந்நிறுவனம் தன் காலத்துப் பணிசெயல் முறைமைக்கு ஏற்பவே அதனை எழுதும். முறைமை மாறும்போது இயக்கியும் மாறவேண்டும். சான்றாக, 32 பிற்று விண்டோசுக்கென எழுதப்பட்ட இயக்கியை 64 பிற்று விண்டோஸ் ஏற்பதில்லை. விற்று முடிந்த கருவிக்காகப் புதிய இயக்கி எழுதுவதால் நிறுவனத்துக்கு வருவாய் இல்லை. புதிய கருவியை விற்பதாலேயே வருவாய் உண்டு. ஆதலின், துபாசி ஓய்வுபெற்றுச் செல்ல, கருவி ஊமையாகின்றது. அம்மொழியின் இலக்கணத்தை நிறுவனம் பிறருக்கு வெளியிடாமையால் வேறொருவர் துபாசியாவதும் அரிதாகின்றது.

இந்நிலையே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்துக்கும் ஒரு காரணமாயிருந்தது. 1980 அளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வுகூடமொன்றில் ஓர் அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றது. சிக்கியதைப் பயனருக்கு அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் நிரலாளர். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. மூலநிரல் என்பது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் அமைந்த மென்பொருளாகும். 1983இல் அவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் நான்கு உரிமைகளும் அதன் அடிப்படை. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். இரண்டும் இணைந்து பணிசெயல் முறைமையாயின. 1993இல் தொடங்கிய டெபியனும், அதனின்று கிளைத்து 2004இல் வெளிவந்த உபுண்டுவும் இன்று பரவலாக வழங்குவன.

சேன் என்னும் திட்டம்

மின்வருடிகளுக்கென 1996இல் தோன்றியது சேன் என்னும் திட்டம். டேவிட் மொஸ்பெர்கர், அண்ட்ரியாஸ் பெக் என்போர் இதன் தொடக்கத்தில் முன்னின்றவர். மின்வருடியை இனி எளிதில் அணுகலாம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே இப்பெயராயின.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் பகுப்பில் உள்ளது. கருவியோடு பேசும் பகுதி பின்னிலை எனவும், பயனரோடு பேசும் பகுதி முன்னிலை எனவும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையே ஒரே பொதுமொழி வகுக்கப்பட்டது. இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். 50 வகைக் கருவிகளும் 10 பயன்பாட்டு மென்பொருள்களும் உள்ளன என்க. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு கருவியின் மொழியையும் தனித்தனியே அறியவேண்டுமாயின் 500 துபாசிகள் தேவை. பொதுமொழி ஒன்று இருப்பின் 50 பின்னிலைகளும் 10 முன்னிலைகளுமாக 60 போதும். அன்றியும், பயனரோடு பேசும் பகுதி தனித்து நிற்பதனால் அது வேறொரு கணினியிலும் இருக்கலாம். பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஒரு கணினியோடு இணைத்த மின்வருடியை வலையமைப்பினூடாக ஏனைய கணினிகளும் பயன்படுத்த இயலும்.

பின்னிலைகள் பெரும்பாலும் கருவியின் வெளிப்பெயரைப் பாராது உள்ளிருக்கும் சில்லினைப் பார்த்தே எழுதப்படுவன. கனன் நிறுவனத்தின் லைட் 25 பிளஸ்ரெக் என்னும் பின்னிலையாலும், அதே வரிசையைச் சேர்ந்த லைட் 110 ஜெனிசிஸ் என்னும் பின்னிலையாலும் இயக்கப்படுகின்றன. மறுபுறம், வெவ்வேறு நிறுவனங்களின் பெயர் தாங்கிய கருவிகள் பல ஒரே ஜெனிசிஸ் பின்னிலைக்குள் அடங்குகின்றன. வெளியே பெயர் வேறாயினும் உள்ளே சில்லுக் குடும்பம் ஒன்று என்பதே காரணம். ஒரு கருவிக்காக ஒருவர் செய்த உழைப்பு, அவர் கண்டிராத வேறு பல கருவிகளுக்கும் உயிரளிப்பது இவ்வாறேயாம்.

இதனினும் சிறந்த சான்றொன்று உண்டு. லைட் 70 என்னும் கருவி லினக்சில் இயங்காது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2019இல் வெளியான சேன் பதிப்பில் லைட் 70, லைட் 600 ஆகியவற்றுக்கெனப் புதிய பின்னிலை சேர்க்கப்பட்டது. விற்பனை முடிந்து பல்லாண்டு சென்ற கருவிக்கு வருவாய் நோக்காத தன்னார்வலர் துபாசி தேடிக்கொடுத்தனர். வணிகத்தின் கணக்கில் இஃது அடங்காது.

தேர்வும் சோதனையும்

எல்லாப் பழைய கருவிகளும் இயங்கும் எனக் கொள்ளுதல் தவறு. வாங்கியபின் வருந்துவதினும் வாங்குமுன் ஆராய்தல் நன்று. சேன் திட்டத்தார் தம் இணையத்தளத்திற் கருவிகளின் பட்டியலை வைத்துள்ளனர். முழுமையாக இயங்குவது, நன்கு இயங்குவது, அடிப்படையளவில் இயங்குவது, மிகச் சிறிதளவே இயங்குவது, இயங்காதது என ஒவ்வொன்றும் தரம் பிரிக்கப்பட்டுள்ளது. முதலிரண்டு தரத்துக்குட் பட்டதையே தேர்தல் தகும்.

பெயர் மாத்திரம் போதாது. ஒரே பெயரின்கீழ் நிறுவனங்கள் உட்சில்லை மாற்றி விற்றதும் உண்டு. யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் தன்னை அறிவிக்க இரண்டு எண்களை உடையது. முதலாவது நிறுவனத்தையும் இரண்டாவது கருவியின் வகையையும் குறிக்கும். நான்கு இலக்கங்கொண்ட பதினறும எண்களாகிய இவற்றை லினக்ஸ் கணினியில் யூ.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையாற் காணலாம். பட்டியலில் உள்ள எண்ணோடு அவை ஒத்திருப்பின் ஐயமில்லை.

அடுத்து உடற்சோதனை. பல கருவிகளின் அடிப்புறத்திலோ பக்கத்திலோ பூட்டொன்று இருக்கும். கொண்டு செல்லும்போது சட்டம் அசையாதிருக்க அமைத்த அப்பூட்டைத் திறவாது இயக்கினால் சட்டம் நகராது அரைபடும் ஒலி கேட்கும். கருவி பழுதென்று கழிக்கப்படுவதற்கு இச்சிறு பூட்டும் ஒரு காரணமாதல் உண்டு. தனி மின்வழங்கி வேண்டும் கருவியாயின், அதன் உடலிற் பொறித்த வோல்ற்று அளவும், செருகியின் நேர், எதிர் முனைகளும் மின்வழங்கியோடு ஒத்திருத்தல் வேண்டும். 12 வோல்ற்றுக் கருவிக்கு 24 வோல்ற்று மின்வழங்கியைப் பொருத்தினால் கருவி முடிந்தது. கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் நனைத்தே துடைத்தல் வேண்டும். கண்ணாடியின்மேல் நேரே தெளித்தால் விளிம்பினூடாக உட்புகும். தீவுப்பகுதிகளில் உப்பீரம் இணைப்பு முனைகளிற் பச்சைநிறக் களிம்பை உண்டாக்கும். அதனையும் நீக்குதல் வேண்டும்.

நிறுவும் முறை

டெபியன் வழிவந்த முறைமைகளில் சேன் பின்னிலைகள் முறைமையோடு உடன்வருவதோ எளிதில் நிறுவத்தக்கதோ ஆகும். முன்னிலைகளுள் சிம்பிள் ஸ்கான் புதியோருக்கு ஏற்றது. எக்ஸ்சேன் நுண்ணிய அமைப்புகளை வேண்டுவோருக்கு ஏற்றது. குறுந்தட்டு வேண்டுவதில்லை. பல கருவிகள் இணைத்த உடனே இயங்கிவிடும். இயங்காவிடின், எங்கே தடையுள்ளது என்பதை முறையாக ஆராய இரண்டு கட்டளைகள் உள்ளன.

முதலாவது, சேன்-ஃபைண்ட்-ஸ்கானர். கணினி, மின்வருடி என்னும் ஒரு பொருள் இணைக்கப்பட்டிருப்பதை அறிகின்றதா என்பதனையே இது சொல்லும். இரண்டாவது, பட்டியற் குறியோடு இடப்படும் ஸ்கான்இமேஜ். அக்கருவியோடு பேசவல்ல பின்னிலை உளதா என்பதனை இது சொல்லும். வீட்டுக்கு விருந்தினர் வந்துள்ளாரா என்பது முதல் வினா. அவர் மொழியை அறிந்தவர் வீட்டில் உளரா என்பது இரண்டாம் வினா.

முதற் கட்டளைக்கே விடையில்லையாயின், குறை மென்பொருளிலன்று. கம்பி, மின்வழங்கி, இணைப்பு வாயில் ஆகியவற்றில் உள்ளது. முதலாவது விடைதந்து இரண்டாவது விடைதராவிடின் காரணம் மூன்றில் ஒன்றாகும். முதலாவது, உரிய பின்னிலை செயலற்றிருத்தல். பின்னிலைகளின் பெயர்களைத் தாங்கிய கோப்பொன்றில் சிலவற்றின் முன்னே விலக்குக்குறி இடப்பட்டிருக்கும். அதனை நீக்கினால் அப்பின்னிலை உயிர்பெறும். இரண்டாவது, அனுமதியின்மை. முகாமையாளர் உரிமையோடு இயக்கினால் இயங்குவதும், சாதாரணப் பயனருக்கு இயங்காததும் இதன் அறிகுறி. அப்பயனரை மின்வருடிக்குரிய குழுவிற் சேர்த்தலோ, கருவியின் எண்களைக் குறித்து அனுமதி விதியொன்றை எழுதுதலோ இதற்குப் பரிகாரம். மூன்றாவது, நிலைபொருள் இன்மை. இது சற்று விரித்துரைக்கத்தக்கது.

சில கருவிகள் தம் நினைவகத்தில் எதனையும் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்னூட்டும்போதும் நிலைபொருள் என்னும் சிறு நிரலைக் கணினி அவற்றுக்குள் ஏற்றவேண்டும். சினாப்ஸ்கான், ஜி.டி. 68 வரிசை ஆகிய பின்னிலைகளின்கீழ் வரும் கருவிகள் பல இத்தகையன. அந்நிரல் நிறுவனத்தின் உடைமையாதலால் சேன் திட்டத்தார் அதனைத் தம்மோடு சேர்த்து வழங்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. கருவியோடு வந்த பழைய குறுந்தட்டிலிருந்து அக்கோப்பை எடுத்து உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். எனவே, பழைய கருவியை வாங்குவோர் அதன் குறுந்தட்டையும் கேட்டு வாங்குதல் நன்று. கட்டற்ற மென்பொருளின் எல்லை எதுவெனவும் இவ்விடத்து அறியலாம். துபாசி பொதுவானவன் ஆயினான். கருவியின் உட்குரல் இன்னும் பொதுவாகவில்லை.

வருடும் முறை

கருவி இயங்கியபின் எந்த அளவில் வருடுவது என்னும் வினா எழும். பிரிதிறன் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதாகும். ஏ4 அளவுத் தாள் 8.27 அங்குல அகலமும் 11.69 அங்குல நீளமும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளியாயின், 2,480க்கு 3,508 ஆக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் உண்டாகும். சாம்பல்நிற அளவையில் புள்ளிக்கு ஒரு பைற்றும், வண்ணத்தில் மூன்று பைற்றும் வேண்டும். ஆகவே, சுருக்காத ஒரு பக்கம் சாம்பல்நிறத்தில் 87 இலட்சம் பைற்றும், வண்ணத்தில் 2 கோடியே 61 இலட்சம் பைற்றும் கொள்ளும். 600 புள்ளியாக உயர்த்தினால் இருமடங்கன்று, நான்மடங்காகும். வருடும் நேரமும் கூடும். அச்சிட்ட பக்கங்களுக்கு 300 போதும். மிகச் சிறிய எழுத்துக்கும் நிழற்படத்துக்கும் 600 வரை செல்லலாம்.

கறுப்பு வெள்ளை மாத்திரமாக வருடினால் கோப்பு மிகச் சிறிதாகும் என்பது உண்மையே. ஆயின், பழுப்பேறிய தாளில் எது மை, எது கறை என்பதைக் கருவி அவ்விடத்திலேயே தீர்மானித்துவிடும். மங்கிய புள்ளியொன்று மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். சாம்பல்நிறத்தில் வருடி வைத்தால் அத்தீர்மானத்தைப் பின்னர் திருத்தலாம். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியுமாயின், பின்புறம் கறுப்புத் தாள் ஒன்றை வைத்தல் பயன்தரும். முதுகு ஒடியும் நிலையிலுள்ள நூலைக் கண்ணாடிமேல் அழுத்துதல் ஆகாது. அத்தகையதற்கு ஒளிப்படக் கருவியே தக்கது. படியெடுக்கும் ஆர்வத்தால் மூலத்தை அழித்தல் பேதைமையாகும்.

மூலப்படிகளை இழப்பின்றிச் சுருக்கும் டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவில் வைத்து, படிப்பதற்கென பி.டி.எஃப். வடிவைத் தனியே ஆக்குதல் முறை. கோப்பின் பெயரில் மலரின் ஆண்டும் பக்க எண்ணும் இடம்பெறல் வேண்டும். பெயரற்ற ஆயிரம் கோப்புகள் குப்பைக்கு நிகராவன. படிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருத்தல் இன்றியமையாதது. 1981உம் 1991உம் கற்பித்த பாடம் அதுவே.

எழுத்தறிதல்

வருடப்பட்ட பக்கம் படமே அன்றி எழுத்தன்று. ஒரு பெயரைத் தேடிக் காணவேண்டுமாயின் படத்தை எழுத்தாக மாற்றுதல் வேண்டும். இதற்கும் திறந்த மூல மென்பொருள் உண்டு. டெசரக்ட் என்னும் அம்மென்பொருள் 1985 முதல் 1994 வரை ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் மூலநிரலோடு வெளியிடப்பட்டு, 2006 முதற் பல்லாண்டுகள் கூகிள் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்தது. தமிழ் எழுத்துகளை அறியும் பயிற்சித் தரவும் அதற்கு உண்டு.

தெளிவான இக்கால அச்சினை அது நன்கு படிக்கும். பழைய யாழ்ப்பாணத்து அச்சிற் பல இடங்களில் தடுமாறும். ஈயெழுத்தச்சு காலத்தில் தேய்ந்த எழுத்துகள் ஒரு காரணம். பழைய எழுத்துவடிவம் மற்றொரு காரணம். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணையால் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ணை, லை, னை முதலியன கொம்பு வளைந்த பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியன தனிச்சுழி வடிவிலும் அச்சிடப்பட்டன. அவ்வடிவங்கள் ஈழத்திலும் வழங்கியவையே. இக்கால எழுத்துருவிற் பயின்ற மென்பொருள் அவற்றை வேறெழுத்தாகக் கொள்ளும். ஆதலின், மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தும் மனிதக் கண் இன்றியமையாதது. இப்பணியை மாணவர் மேற்கொள்ளின் பழைய அச்சைப் படிக்கும் பயிற்சியும் எய்துவர். பதிப்பாசிரியர் ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கிய பழைய முறையே இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓருண்மை பெறப்படும். ஒரு கருவியின் ஆயுள் அதன் இரும்பிலும் கண்ணாடியிலும் மாத்திரம் தங்கியதன்று. அதனோடு பேசும் அறிவு யாரிடம் இருக்கின்றது என்பதிலும் தங்கியுள்ளது. அவ்வறிவு ஒருவரின் பெட்டகத்துள் இருக்குமாயின், அவர் கைவிட்ட அன்றே கருவியும் மடியும். அது பலரறியப் பொதுவில் வைக்கப்படுமாயின், தேவையுடைய எவரும் அதனைக் கற்று மீண்டும் உயிர்ப்பிக்கலாம். நூல்களுக்கும் இஃது ஒக்கும். ஒரே வீட்டிற் பூட்டிவைக்கப்பட்ட ஏடு அவ்வீட்டோடு அழிந்தது. பலர் படியெடுத்த ஏடு தாமோதரம்பிள்ளையின் கைக்கு வந்தது.

காரைநகரின் பழைய மலர்களின் ஒரு தொகுதி இன்று ஓரிடத்தில் முழுமையாக இல்லாதிருக்கலாம். ஓராண்டு மலர் ஊரிலுள்ள ஒரு றங்குப் பெட்டியிலும், அடுத்த ஆண்டு மலர் கொழும்பிலும், மற்றொன்று இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் பழைய மாணவர் ஒருவரின் அலுமாரியிலும் இருத்தல் கூடும். தாள்களை ஓரிடத்துக்கு அனுப்புதல் அரிது. படங்களை அனுப்புதல் எளிது. ஊரிலிருப்போர் பிறர் கழித்த கருவி ஒன்றைத் தேடி எடுக்கட்டும். வெளியிலிருப்போர் தம்மிடமுள்ள பக்கங்களை வருடி அனுப்பட்டும். மாணவர் அவற்றை ஒப்புநோக்கி ஒழுங்குபடுத்தட்டும். செலவு மிகுதியன்று, பொறுமையே மிகுதியாக வேண்டுவது. அடுத்த மாரிமழைக்கு முன்னர் ஒரு பெட்டி திறக்கப்படுமாயின், ஒரு மலராயினும் தப்பும்.